பெட்டியில் லினக்ஸ் என்று போட்டிருக்கவில்லை

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் தங்கச்சியின் மகளுக்கு உயர்தரம் படிக்க ஒரு லப்டொப் தேவைப்பட்டது. வீட்டில் கிடந்தது 2014இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய புரொசசரை ஏற்காது. சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். எல்லாம் ஓடியது, வைஃபையைத் தவிர.

டவுனில் ஒரு கடையில், யூஎஸ்பியில் செருகினால் வைஃபை தரும் டொங்கிள் கேட்டேன். "லினக்ஸுக்கு ஓடாது அண்ணே, பெட்டியில விண்டோஸ் எண்டுதான் கிடக்கு" என்றார் கடைத் தம்பி. பெட்டியில் இருப்பதை நம்பிப் பயனில்லை. உள்ளே இருக்கும் சிப்தான் கணக்கு. வாங்கிவிட்டேன்.

செருகியதும் சீடி ஐகன் ஒன்று வந்தது. உள்ளே விண்டோஸுக்கான செட்டப் கோப்பு. டேர்மினலில், செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்துப் பார்த்தால் 0பிடிஏ:1ஏ2பி. முன்பாதி ரியல்டெக் கம்பெனியின் எண். பின்பாதிக்கு, டொங்கிள் இப்போது சீடி ட்ரைவ் வேஷத்தில் இருக்கிறது என்று பொருள். விண்டோஸ்காரருக்கு ட்ரைவரையும், அதாவது சாதனத்தை இயக்கும் நிரலையும், கையோடு கொடுக்கச் செய்த ஏற்பாடு, நமக்குத் தலையிடி. ஐகனில் ரைட் கிளிக் செய்து இஜெக்ட் கொடுத்தேன். டொங்கிளின் விளக்கு மினுங்கியது. பின்பாதி சி811 என்று மாறியது. இந்தக் குடும்பச் சிப்புகளுக்கான ட்ரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் 6.2ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, மின்ட் 22இல் வருவது 6.8. தனியாக எதுவும் இறக்கவில்லை, பக்கத்து வீட்டு ரவுட்டர் வரை பட்டியலில் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இஜெக்ட் கொடுக்காமலிருக்க யூஎஸ்பி-மோட்சுவிட்ச் என்ற சின்ன நிரல் இருக்கிறது.

ஆனால் டியூஷனுக்கு பஸ்ஸில் கொண்டுபோகும் பிள்ளை. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டொங்கிள் எத்தனை நாளைக்கு? அதனால் உள்ளே இருக்கும் வைஃபையையும் பார்த்தேன். உள்ளே பொருத்திய சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டியது 14இ4:4365, அதாவது பிரோட்கொம் பிசிஎம்43142. இதற்கான டபிள்யூஎல் ட்ரைவர் திறந்த மூலம் அல்ல, கேர்னலில் வராது. டொங்கிள் தந்த இணையத்திலேயே ட்ரைவர் மனேஜரைத் திறந்து அதை நிறுவினேன். டொங்கிள் இல்லாதவர்கள் அன்ட்ரொய்ட் போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டாலும் போதும், கம்பி இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும்.

கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்கியூர் பூட் இயங்கினால் இங்கே ஒரு பொறி. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது பட்டனை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தெரிவு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பேசாமல் இருந்தால் திரை தானாகவே போய்விடும், ட்ரைவரும் ஏறாது.

இந்தச் சிப் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். 5 வேண்டுமென்றால் டொங்கிள்தான். புளூடூத் இன்னும் வேலை செய்யவில்லை. அதற்குச் சிப்புக்குள் ஏற்றும் ஃபேர்ம்வேர் என்ற வேறு கோப்பைத் தேட வேண்டும், கிடக்கட்டும்.

டபிள்யூஎல் ட்ரைவரை பிரோட்கொம் 2015க்குப் பிறகு தொடவில்லை. மற்றவர்கள் போடும் ஒட்டுகளில் (பேட்ச்) தான் ஓடுகிறது. அதனால் மருமகளிடம் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன்: அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போனால், பூட் மெனுவில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய் முந்தைய கேர்னலைத் தெரிவு செய்ய வேண்டும். பழைய கேர்னலை அழிக்கக் கூடாது.