காரோ: நைரோபியில் கற்ற ஒரு சொல்

கென்யத் தலைநகரான நைரோபிக்கு வந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. 2016 மே மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். சுகுமா விக்கிக் கீரையும் தக்காளியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, மட்டாட்டு எனப்படும் சிறு பேருந்துகள் நிற்கும் இடத்தில் பச்சை ஸ்வெட்டர் அணிந்த ஒரு பையன் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான். பள்ளிச் சீருடை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சற்றுத் தள்ளி அதே சீருடையில் இன்னும் இரண்டு பேர். எங்கள் குடியிருப்பின் காவலாளியிடம் விசாரித்தேன். அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: "காரோ."

காரோ என்றால் சுவாஹிலியில் பள்ளிக் கட்டணம். பாக்கி இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். பணத்தோடு வந்தால் வகுப்புக்குள் போகலாமாம். "தனியார் பள்ளியா?" என்று கேட்டேன். "இல்லை, அரசுப் பள்ளி" என்றார்.

அந்தப் பதிலோடு நான் வீட்டுக்கு வந்து நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது அரசுப் பள்ளியில். சத்துணவு, இலவசப் பாடநூல், கடைசி இரண்டு ஆண்டு இலவச பஸ் பாஸ். அரசுப் பள்ளி என்ற சொல்லும் பணம் கட்டாமல் படிப்பது என்ற எண்ணமும் எனக்குள் ஒன்றோடொன்று ஒட்டியே வளர்ந்தவை. அவை தனித்தனி என்பதை இந்த ஊர்தான் எனக்குக் காட்டியது.

புது நாட்டில் மற்றவையெல்லாம் எளிதாகவே பழகிவிட்டன. ஜூலை மாதக் குளிர் பழகியது. பார்க்லண்ட்ஸ் பகுதியில் கறிவேப்பிலையும் புளியும் தட்டில்லாமல் கிடைத்தன. சுகுமா விக்கியைத் தேங்காய் போட்டுப் பொரியலாக வதக்கினால் என் மகன் மறுக்காமல் சாப்பிட்டான். வாரத்துக்கு இரண்டு நாள் துணி துவைக்க வந்த பெண்ணை இங்கே 'மாமா ஃபுவா' என்பார்கள். மாமா என்றால் அம்மா. என்னை அவர் என் மகனின் பெயருக்கு முன்னால் 'மாமா' சேர்த்து அழைத்தார். நானும் அவரை அவருடைய மூத்த மகளின் பெயரோடு சேர்த்தே அழைத்தேன். அந்த மகளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அவளைப் பற்றியது என்றாலும், பெயர் அவளுடையது.

கென்யாவில் தொடக்கக் கல்வி இலவசம். 2002 டிசம்பர் இறுதியில் அதிபராகப் பொறுப்பேற்ற மவாய் கிபாக்கி, 2003 ஜனவரியிலேயே அதைக் கொண்டுவந்தார். அதுவரை வெளியே நின்ற பிள்ளைகள் லட்சக்கணக்கில் வகுப்பறைகளுக்குள் வந்தார்கள். பிள்ளைகள் மட்டுமல்ல. 2004இல் எல்டோரெட் அருகே கிமானி மருகே என்ற முதியவர் 84 வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். ஆனால் அன்றைய முறையில் எட்டாம் வகுப்பு முடிந்து, உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான ஃபார்ம் ஒன் என்ற வாசலுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்கும். நல்ல பெயர் பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் விடுதிப் பள்ளிகள். 2018இல் அரசு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 22,244 ஷில்லிங் என்ற கணக்கில் பள்ளிக்குத் தந்தது. வீட்டிலிருந்து போய்வரும் பள்ளி என்றால் அது பெருமளவு சுமையைக் குறைக்கும். தேசியப் பள்ளி விடுதியில் சேர்ந்தாலோ, அதற்கு மேல் பெற்றோர் கட்ட வேண்டியது 53,554 ஷில்லிங். அதிலும் பாதியை ஜனவரியிலேயே, முதல் பருவத்திலேயே கட்ட வேண்டும். துணி துவைக்கும் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி 500 ஷில்லிங். எல்லா நாளும் வேலை கிடைப்பதில்லை.

2018 நவம்பரில் அந்தச் சிறுமியின் எட்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. 500க்கு 384. குறுஞ்செய்தியை என்னிடம் காட்டியபோது அந்தத் தாயின் கையில் சோப்பு நுரை காயவில்லை. நான் மகிழ்ச்சியில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. மதிப்பெண் குறைந்திருந்தால் பக்கத்துப் பள்ளியோடு விஷயம் முடிந்திருக்கும்; இவ்வளவு வாங்கிவிட்டாளே என்ற கலக்கம் அவர் முகத்தில் இருந்தது. பிள்ளை நன்றாகப் படித்துவிட்டதற்காக ஒரு தாய் கலங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. ஈக்விட்டி குழும அறக்கட்டளையும் மாஸ்டர்கார்டு அறக்கட்டளையும் சேர்ந்து 2010இல் தொடங்கிய 'விங்ஸ் டு ஃப்ளை' திட்டம் கட்டணத்தோடு சீருடை, புத்தகம், பயணச் செலவு, கைச்செலவு வரை கொடுக்கிறது. இந்த ஊரிலேயே ஸ்டாரெஹே ஆண்கள் பள்ளி இருக்கிறது. 1959இல் தெருவில் அலைந்த சிறுவர்களுக்காக ஜெஃப்ரி கிரிஃபின் இரண்டு கென்யத் தோழர்களோடு தகரக் கொட்டகைகளில் தொடங்கியது. பின்னாளில் நாட்டின் முதல் வரிசைப் பள்ளிகளில் ஒன்றானது. தொகுதி நிதியிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் வாசல்கள் குறைவு, வரிசை நீளம். நாங்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பினோம். பிறப்புச் சான்று, பகுதி அதிகாரியான 'சீஃப்' தரும் கடிதம், தந்தை இறந்ததற்கான சான்று. கடைசியாகச் சொன்னது அவர்களிடம் இல்லை. தந்தை ஊரில் இறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை. அதை வாங்கி வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. ஏழ்மையை நிரூபிக்கும் தாள்களைச் சேர்க்கவே ஏழைக்குப் பணம் வேண்டியிருக்கிறது. பஸ் கட்டணமும் நகல் எடுக்கும் செலவும் இழந்த நாளின் கூலியும். உதவி செய்ய விரும்பும் யாரும் முதலில் செய்யக்கூடியது, அந்தத் தாள்களை வாங்கிவர ஒரு நாள் துணைக்குப் போவது.

டிசம்பரில் அந்தத் தாய் எங்களை ஹராம்பேக்கு அழைத்தார். ஹராம்பே என்றால் எல்லோரும் சேர்ந்து இழுப்பது. நாட்டின் முத்திரையிலேயே அந்தச் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. விடுதலைக்குப் பின் எத்தனையோ பள்ளிகளை ஊரார் இப்படித்தான் பணம் திரட்டிக் கட்டினார்கள். நைரோபியின் ஏழை மக்கள் பகுதியான கவாங்வாரேயில் தகரக் கூரை போட்ட சிறிய தேவாலயம். பிரார்த்தனை முடிந்ததும் முன்னால் ஒரு கூடை வைத்தார்கள். வரிசையாக வந்து 50, 100 என்று போட்டார்கள். தண்ணீர் சுமந்து விற்பவர், மண்டாசி பொரித்து விற்பவர், இன்னொரு மாமா ஃபுவா. பணம் இல்லாத ஒரு பாட்டி கோழி கொண்டுவந்தார். அதை ஏலம் விட்டார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதைத் திரும்பவும் முன்னால் வைத்தார்; மறுபடி ஏலம். ஒரே கோழி நான்கு முறை விலைபோனது. கடைசி முறை நான் எடுத்து, பாட்டியிடமே கொடுத்துவிட்டேன். அன்று சேர்ந்தது பதினோராயிரத்துச் சொச்சம்.

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு உதவி என்றால் எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்குவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முதல் பணம் உள்ளிருந்துதான் வருகிறது. தங்கள் அடுப்பைக் குறைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் கொடுப்பது அது. வெளியிலிருந்து வருவோர் மீதியைத்தான் நிரப்புகிறோம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

மீதியை நிரப்ப எங்கள் பகுதியில் இருந்த ஐந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தோம். பொங்கலுக்கு முன் ஒரு மாலை எங்கள் வீட்டில் பேச்சு. ஒரு அண்ணன், சிறுமி ஆண்டுக்கு ஒரு கடிதமும் படமும் அனுப்பட்டும், பணம் கொடுப்போருக்கு மனநிறைவாக இருக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் ஹில்டே பாக்கின் கதையைச் சொன்னார். நாஜிகளிடமிருந்து இளம் வயதில் தப்பி ஸ்வீடனில் வாழ்ந்த யூதப் பெண், பள்ளி ஆசிரியை. பருவத்துக்குப் பதினைந்து டாலர் அளவில் அனுப்பி, கென்யாவில் தான் பார்த்தே இராத ஒரு சிறுவனைப் படிக்க வைத்தார். அந்தச் சிறுவன் கிறிஸ் முபுரு ஹார்வர்டில் சட்டம் படித்து ஐ.நா.வில் மனித உரிமைப் பணிக்குப் போனார். பிறகு தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு கல்வி நிதியைத் தொடங்கி அதற்கு அந்த ஆசிரியையின் பெயரை வைத்தார். அதற்குப் பின்புதான் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். "அந்த அம்மா படம் கேட்டா கொடுத்தார்?" என்றார் அக்கா. அதோடு படப் பேச்சு நின்றது. பணம் பள்ளியின் கணக்குக்கே போகும், சிறுமி யாருக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பிறகு பட்டியல். கட்டணத்தைவிட என்னை உலுக்கியது அதுதான். சேர்க்கைக் கடிதத்தோடு வந்த இரண்டு பக்கம்: மூன்றடி அகல மெத்தை, போர்வைகள், வாளி, பூட்டு, தட்டு, குவளை, கறுப்புத் தோல் காலணி, அகராதி, சுவாஹிலி அகராதி, நில வரைபட நூல், பைபிள், நகல் எடுக்கும் தாள் ஒரு கட்டு, இரும்பு டிரங்குப் பெட்டி. இவற்றில் சில குறைந்தாலும் வாசலிலேயே சங்கடம். கட்டணத்தை யாராவது கட்டிவிட்ட பிறகும் மெத்தை இல்லாததால் வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அந்தத் தாய் சொன்னார்.

பெட்டி வாங்க கமுகுஞ்சிக்குப் போனோம். தகரத்தை வெட்டி, மடித்து, ஆணி அறையும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அந்தக் கைவினைஞர்களை 'ஜுவா காளி' என்பார்கள். கடும் வெயில் என்று பொருள், கூரையில்லாமல் வெயிலில் நின்று வேலை செய்பவர்கள். சிறுமி மூன்று பெட்டிகளைத் திறந்து மூடிப் பார்த்து, கீல் உறுதியாக இருந்ததை எடுத்தாள். பெட்டி செய்தவரே தூரிகையால் அவள் பெயரை வெள்ளை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் விரல் வைத்துத் தொட்டாள்; பெயிண்ட் காயவில்லை. விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையை வீடு வரும்வரை துடைக்கவே இல்லை.

முதல் பருவம் நன்றாகப் போனது. இரண்டாம் பருவம் எங்களால் தவறியது. ஐவரில் ஒரு குடும்பத்துக்கு மாற்றலாகி சென்னை திரும்பினார்கள். அவர்கள் பங்கு நின்றதை நாங்கள் ஒரு மாதம் கவனிக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு முற்பகல், வாசலில் அந்தச் சிறுமி பையோடு நின்றாள். 2016இல் மட்டாட்டு நிறுத்தத்தில் அந்தப் பையனைப் பார்த்த அதே நேரம், அதே கோலம். "என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றாள். ஃபோனை எடுத்து எம்பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பாக்கியைக் கட்ட எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால் அவள் ஐந்து நாள் வகுப்பை இழந்திருந்தாள். ஓராண்டுக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது உதவி அல்ல. பிள்ளையை நடு ஆற்றில் இறக்கிவிடுவது அது. அன்றிலிருந்து நான்கு ஆண்டுக்கும் பொறுப்பு என்று ஒரு நோட்டில் எழுதி, யாராவது ஊர் மாறினால் அவர் பங்கை மற்றவர்கள் ஏற்பது என்று வைத்துக்கொண்டோம். ஆண்டுப் பணம் முழுவதையும் ஜனவரியிலேயே கட்டினோம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. அவள் அப்போது ஃபார்ம் டூ. ஒன்பது மாதங்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில்தான் திரும்பப் போனாள். அந்த இடைவெளியில் அவள் வகுப்புத் தோழிகளில் சிலர் வேலைக்குப் போய்விட்டார்கள், ஒருத்திக்குக் குழந்தை பிறந்தது. இவள் எங்கள் பழைய ஃபோன் ஒன்றில் பாடங்களைப் பார்த்தாள். அம்மாவோடு துணி துவைக்கவும் போனாள். இழந்த காலத்தை ஈடுகட்ட அரசு கல்வியாண்டுகளைச் சுருக்கியது. வாரங்கள் குறைந்ததற்காகக் கட்டணத்தைச் சுமார் 45,000 ஷில்லிங்காகக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் ஓராண்டு முடிந்த கையோடு அடுத்த ஆண்டின் கட்டணம் வந்து நின்றது. வேலையிழந்து கடனில் இருந்த பெற்றோருக்கு அது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பதை, சம்பளம் வந்துகொண்டிருந்த எங்களுக்கே கை கடித்ததிலிருந்து ஊகித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கருரா காட்டில் நடப்பதுண்டு. கட்டடக்காரர்களிடமிருந்து அந்தக் காட்டைக் காக்க முன்னின்று போராடியவர் வாங்காரி மாத்தாய். அவரும் 1960இல் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர். கென்யத் தொழிற்சங்கத் தலைவர் டாம் எம்போயா முதலானோர் முயற்சியில் கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கில் விமானமேறிய காலம் அது. நிழலான அந்தப் பாதையில் நடக்கும்போதெல்லாம், மாத்தாயின் படிப்புக்கு யாரோ கட்டிய பணத்தில் ஒரு பகுதி இந்த மரங்களாக நிற்கிறது என்று எனக்குத் தோன்றும்.

சிறுமி 2022 இறுதியில் பள்ளியின் கடைசி வகுப்பான ஃபார்ம் ஃபோர் தேர்வு எழுதினாள். இப்போது செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள். அவளுடைய தம்பி 2023இல் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதினான். அந்தத் தேர்வை எழுதிய கடைசி அணி அதுதான். அவனுக்கு வாங்க வேண்டியவை குறைவு. பெட்டி இருக்கிறது, நில வரைபட நூல் இருக்கிறது. மெத்தை மட்டும் புதிது.

2024 ஜனவரியில் அந்தத் தாய் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பணம் கட்டுவதற்காகத் தம்பியின் பள்ளிக் கணக்கு எண்ணைக் கேட்டேன். கடிதம் உங்கள் வீட்டில் இருக்கும், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கிளிப்பைக் கொடியில் மாட்டிக்கொண்டே ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நான் ஃபோனில் பதிந்து, திரும்பப் படித்துக் காட்டினேன். "ஆமாம், அதுதான்" என்றார். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து 3,000 ஷில்லிங்கை எடுத்து நீட்டினார். "முதலில் இதைக் கட்டுங்கள். மீதியை அப்புறம் பார்ப்போம்."