வலி வெளிப்பக்கம், ரிப்போர்ட் உள்பக்கம்

முழங்காலுக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவர்கள் ஃபிலிமை அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு சிடி மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். நான் பார்க்கப் போன எலும்பு டாக்டரின் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடமே இல்லை. டோக்கன் வாங்கி, மத்தியானம் வரை காத்திருந்து உள்ளே போனால், "ஃபிலிம் இல்லாம நான் என்னத்தைப் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஸ்கேன் சென்டரில் மறுபடி அச்சடித்துத் தரத் தனிக் கட்டணம். ஸ்கேனுக்கே 6,500 ரூபாய் ஆகியிருந்தது.

வலி வந்த கதை சின்னது. ஜனவரி மாரத்தானுக்குத் தயாராவதற்காக எங்கள் ஓட்டக் குழு ஏலகிரி போனது. ஏறும்போது ஒன்றும் இல்லை. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடியே இறங்கியபோது பாதியில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. சென்னைக்கு வந்து பெசன்ட் நகரில் சமதரையில் ஓடினாலும் நாலாவது கிலோமீட்டரில் சொல்லிவைத்த மாதிரி வந்து நிற்கும். நடந்தால் வலிக்காது. படி இறங்கினால் வலிக்கும்.

ஃபிலிமோடு மறுபடி போனேன். டாக்டர் அதை விளக்கில் மாட்டிப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் படித்தார். 'உள்பக்க மெனிஸ்கஸின் பின்பகுதியில் கிரேடு 2 சிக்னல்' என்று இருந்தது. மெனிஸ்கஸ் என்பது முழங்கால் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு. "வயசு என்ன? நாற்பத்தி மூணா? ஓடுறதை விட்டுட்டு வாக்கிங் போங்க. குறையலைன்னா சாவித்துவார ஆபரேஷன் பார்த்துக்கலாம்." பேன்ட்டை மடித்துவிடச் சொல்லக்கூட இல்லை. "சார், எனக்கு வெளிப்பக்கம்தான் வலிக்குது" என்றேன். "எல்லாம் ஒரே மூட்டுதான்" என்றார்.

இதே வரி ரிப்போர்ட்டில் வந்து பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஸ்கேனில் மெனிஸ்கஸுக்குள் வெளுப்பாகத் தெரியும் இடத்தைத்தான் சிக்னல் என்கிறார்கள்; அதை 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். மேற்பரப்பைத் தொடும் 3-ஐத்தான் கிழிசல் என்பார்கள்; 2 அந்தக் கணக்கில் வராது. நிஜமாகவே கிழிந்திருந்தாலும் வலி அதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 50 வயதைத் தாண்டிய 991 பேரின் முழங்காலை ஸ்கேன் செய்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ பிடிப்போ எதுவுமே இல்லை. இதை அந்த டாக்டர் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் எனக்குப் பல ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது ஒரு பிசியோ சென்டர். பேக்கேஜாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினேன். தினமும் கரண்ட் வைத்து, சூடு வைத்து, ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை முழங்காலில் உருட்டினார்கள். படுத்திருக்க சுகமாகத்தான் இருக்கும். வெளியே வந்து ஓடினால் அதே நாலாவது கிலோமீட்டர். பாதியில் நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். பேக்கேஜ் பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள். கருவிகளை மட்டும் மாட்டிவிட்டு ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராத இடமென்றால் இரண்டாவது நாளே கிளம்பிவிடலாம். இதற்கு நடுவில் பெரியப்பா புத்தூர் கட்டு போடச் சொல்லி நச்சரித்தார். முறிந்தால்தானே கட்டு?

கடைசியில் குழுவில் ஒருவர் சொல்லி, விளையாட்டுக்காரர்களைப் பார்க்கும் ஒரு பிசியோவிடம் போனேன். சின்ன கிளினிக். சின்ன வயதுப் பெண். ஃபிலிமை நீட்டினேன். "அது இருக்கட்டும் சார், ஷார்ட்ஸ் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். படுக்கவைத்து, முழங்காலின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் கட்டைவிரலை அழுத்தியபடி காலை மெல்ல நீட்டச் சொன்னார். பாதி நீட்டுவதற்குள் அலறிவிட்டேன். ஏலகிரி வலி அப்படியே வந்தது. அப்புறம் ஒற்றைக் காலில் படி இறங்கச் சொல்லி போனில் படம் எடுத்துக் காட்டினார். வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு தொய்ந்து இறங்கியது. சிக்கல் ஐடி பேண்டில் (இலியோடிபியல் பேண்ட்). இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை போகும் தடித்த பட்டை. முழங்கால் சுமார் 30 டிகிரி மடங்கும் இடத்தில் அது வெளிப்பக்க எலும்பின் மேல் அழுந்துகிறது. சரிவில் இறங்கும்போது அந்தக் கோணத்தில்தான் எடை அதிகம் விழும். இதைக் கண்டுபிடிக்க அவர் எந்தக் கருவியும் எடுக்கவில்லை.

"ஓட்டத்தை நிறுத்தணுமா?" என்றேன். "குறைக்கணும். நிறுத்துன்னு யார் சொன்னா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக என்ன ஃபீஸ் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அவர் கொடுத்த விதி எளிது. பத்துக்கு மூன்று வரை வலித்தால் தொடரலாம். மறுநாள் காலை படி இறங்கும்போது வலி கூடியிருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம். பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, ஒற்றைக் காலில் மெதுவாகப் படி இறங்குவது, பிறகு எடை சேர்ப்பது என்று இடுப்புக்கான பயிற்சிகள். அலுப்பாக இருக்கும், விடாமல் செய்தேன். ஃபோம் ரோலர் என்ற நுரை உருளையை அந்தப் பட்டையின் மேல் உருட்டி உயிரை விடாதீர்கள், உருட்டினால் அது நீளாது. நீண்ட ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் நண்பர்களின் யோசனையும் வேண்டாம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபினாக்கும் இப்யூபுரோஃபெனும் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். வலியை மறைத்துவிட்டால் பத்துக்கு மூன்று என்ற கணக்குக்கும் அர்த்தம் இல்லை.

மூச்சுத் திறன் குறையாமல் இருக்கத் தண்ணீரில் ஓடச் சொன்னார். இங்கேதான் கூத்து. மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில் ஓட வேண்டும். நீச்சல் குளத்தின் காவலர் பெல்ட்டைப் பார்த்ததும், "நீச்சல் தெரியாதவங்க அந்தப் பக்கம்" என்று ஆழமில்லாத பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்கு நீச்சல் தெரியும் என்றால், "அப்புறம் பெல்ட் எதுக்கு?" என்கிறார். ஓடுவதற்கு என்றால், "ஓடுறதுக்கு பீச் இருக்கே சார்!" நியாயமான கேள்விதான். கடைசியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆழமான பக்கத்தில் ஒரு நீளம் போய்த் திரும்பிக் காட்டினேன். கூட்டம் குறைந்த கடைசி பேட்ச்சில், ஓரமாக, அனுமதி கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அவரே புதிதாக வந்தவர்களிடம் "சாருக்கு மூட்டு, அவரை விட்டுருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவல் வாங்கிய சைக்கிளில் ஈசிஆர் பக்கம் போனபோது முதல் நாளே வெளிப்பக்கம் முணுமுணுத்தது. சீட் உயரம். கொஞ்சம் இறக்கியதும் சரியாகிவிட்டது. சைக்கிளிலும் தண்ணீரிலும் இதயத் துடிப்பு ஓட்டத்தில் ஏறும் அளவு ஏறாது. வாட்ச்சைப் பார்த்து அந்த எண்ணைத் துரத்த வேண்டாம், மூச்சு வாங்குவதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மறுபடி ஓட ஆரம்பித்தபோது ஒன்று ஆச்சரியமாக இருந்தது. மெதுவாக ஜாகிங் போனால் வலித்தது. சின்னச் சின்னத் தூரம் வேகமாக ஓடினால் வலிக்கவில்லை. வேகத்தில் கால் தரையில் படும்போது முழங்கால் அந்த 30 டிகிரியைத் தாண்டி மடங்கியிருக்கும் என்பதால் இது வழக்கம்தான் என்றார் பிசியோ. எட்டி வைக்கும் தூரத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 158 காலடி வைத்துக்கொண்டிருந்ததை 168 ஆக்கினேன். நாலாவது கிலோமீட்டர் சத்தமில்லாமல் கடந்துபோன அன்று வாட்ச்சை இரண்டு முறை பார்த்தேன்.

முழு மாரத்தானை அரையாக மாற்றிக் கேட்டு அமைப்பாளர்களுக்கு எழுதினால், கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. பணம் கட்டும்முன் அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள். கட்டிய பணம் போனது போனதுதான். வேறொரு அரை மாரத்தானில் சேர்ந்து, நடக்காமல் ஓடி முடித்தேன்.

ஆபீஸ் இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். அட்மிட் ஆகாத செலவு அந்த பாலிசியில் சேராது. "ஒரு நாள் அட்மிஷன் போட்டுக்கலாமே" என்று ஆஸ்பத்திரி கவுன்டரில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். வெளிநோயாளி செலவுக்கு ஆபீஸ் தனியாகத் தரும் தொகையில் ஸ்கேன் பில்லைப் போட்டிருக்கிறேன். மருந்துச் சீட்டில் டாக்டரின் சீல் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சீல் வாங்க அவரிடமே மறுபடி டோக்கன் போட வேண்டும். புதன்கிழமை போகிறேன், ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு.