சைக்கிள் மணியில் ஒரு புள்ளி: மோஷன் டிராக்கிங் செய்து பார்த்தேன்

சைக்கிள் ஒன்று கேமராவை நோக்கி வரும் 12 விநாடி வீடியோ. அதன் மணிக்கு மேல் ஒரு பெயர் மிதந்தபடி கூடவே வர வேண்டும். கையால் நகர்த்தினால் விநாடிக்கு 25 வீதம் 300 ஃபிரேம். அதனால் பிளெண்டர் என்ற மென்பொருளின் டிராக்கரிடம் வேலையைக் கொடுத்தேன். படத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக் கொடுத்தால், அது ஒவ்வொரு ஃபிரேமிலும் எங்கே போகிறது என்று தானே பின்தொடரும் கருவி அது.

முதலில், பின்தொடர ஏற்ற புள்ளிகளைத் தானே தேடிவைக்கும் 'டிடெக்ட் ஃபீச்சர்ஸ்' அழுத்தினேன். படம் முழுக்கப் புள்ளிகள் முளைத்தன, பாதிக்கு மேல் பின்னால் இருந்த மரத்தில். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஹேண்டில் கம்பியின் நடுவில் நானே ஒன்று வைத்தேன். பத்து ஃபிரேம்கூடத் தாங்கவில்லை, கம்பி நெடுக வழுக்கிக்கொண்டே போனது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கம்பியில் எந்த இடத்தை வெட்டி எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. குறுக்கே நகர்ந்தால் டிராக்கருக்குத் தெரியும், நீளவாக்கில் நகர்ந்தால் தெரியவே தெரியாது. அதற்கு மூலை வேண்டும். மணியில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரின் ஓரம் கிழிந்து கூர்மையாக நின்றது. புள்ளியை அங்கே வைத்து, பின்தொடரச் சொல்லும் Ctrl+T அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது!

சைக்கிள் கிட்டே வந்ததும் மறுபடி நின்றுபோனது. டிராக்கருக்கு இரண்டு பெட்டிகள்: உள்பெட்டி அடையாளம், வெளிப்பெட்டி தேடும் எல்லை. முதலில் வருவது 21 பிக்சலும் 71 பிக்சலும். தூரத்தில் இருக்கும்போது இது தாராளம். கிட்டே வந்தபின் ஸ்டிக்கர் ஒரே ஃபிரேமில் 40 பிக்சல் தாவியது, வெளிப்பெட்டியோ நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 35 பிக்சல்தான், அதாவது எல்லைக்கே வெளியே. வெளிப்பெட்டியை 150 ஆக்கினேன், சரியானது. தேடுவதற்கு நேரம் கூடியது, பரவாயில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 'மேட்ச்' அமைப்புதான். 'கீஃபிரேம்' என்று வைத்தால் முதலில் குறித்த உருவத்தோடே ஒவ்வொரு முறையும் ஒப்பிடும். நழுவாது, ஆனால் வெளிச்சமோ கோணமோ மாறினால் கைவிட்டுவிடும். 'ப்ரீவியஸ் ஃபிரேம்' என்றால் முந்தைய ஃபிரேமோடு ஒப்பிடும். விடாமல் தொடரும், ஆனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து மெல்ல விலகிப்போகும். எனக்குக் கீஃபிரேம்தான் பிடித்திருக்கிறது. அது நின்ற இடத்தில் புள்ளியைக் கையால் ஒருமுறை திருத்திவிட்டு மேலே ஓடவிட்டேன். மொத்தம் நான்கு திருத்தங்கள், 300 ஃபிரேமுக்கு!

இப்போது பெயர் அசையாமல் மணியோடு வருகிறது. ஆனால் சைக்கிள் பெரிதாகும்போது பெயர் பெரிதாகவில்லை. ஒரு புள்ளி இடத்தை மட்டும்தான் சொல்லும். அளவு தெரிய இன்னொன்று வேண்டும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதை வைத்துக் கணக்கிடலாம். மறுபக்க பிரேக் பிடியின் முனை கடைசிவரை தெளிவாகத் தெரிகிறது. அடுத்த புள்ளி அங்கேதான்.