ராஜாஜியின் இரண்டு முடிவுகள்

தலைவர்கள் மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமா, தன் மனசாட்சிப்படி நடக்க வேண்டுமா என்று பொத்தாம்பொதுவாக வாதாடினால் விடியும்வரை வாதாடலாம். 1952-54 சென்னை மாநிலத்தை எடுத்துக்கொண்டால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். ஒரே முதலமைச்சர், ஒரே பிடிவாதம், இரண்டு முடிவுகள். ஒன்று பலித்தது, மற்றது அவர் பதவியையே கொண்டுபோனது.

1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் நியமனத்தில் மேலவைக்குள் வந்து முதல்வரானார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அவர் எதைச் செய்யப்போகிறார் என்று வாக்காளரிடம் முன்கூட்டிச் சொன்னதில்லை.

அந்த ஜூனிலேயே உணவு தானியக் கட்டுப்பாட்டை, அதாவது ரேஷன் முறையை, நீக்கினார். வியாபாரி பதுக்குவான், விலை எகிறும் என்ற பயம் அதிகார வட்டாரத்தில் பலமாக இருந்தது. அவர் அசரவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவும் இல்லை. மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் ஆதரவாக நின்றார், மத்திய அரசின் கையிருப்பும் துணைக்கு இருந்தது. கணிப்பு தப்பினால் சில வாரங்களில் அரிசி விலையே காட்டிக்கொடுத்துவிடும், மறுபடி ரேஷனுக்குத் திரும்பலாம். இன்னொன்று, ரேஷன் கியூவில் நின்று சலித்த ஜனங்களுக்கு இந்த முடிவு பிடித்திருந்தது. எதிர்த்தது கோப்புகள்தான், மக்கள் இல்லை. துணிச்சல் என்று இதைப் புகழ்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

1953 கதை வேறு. பதினான்கு வயதுவரை எல்லோருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசியல் சட்டம் கொடுத்த கெடு பத்தாண்டு. கஜானாவில் பணமில்லை. அவர் போட்ட கணக்கு எளிது: கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்றாகக் குறைத்து, பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு. அதே கட்டடம், அதே வாத்தியார், இரு மடங்கு பிள்ளைகள். மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம்.

கணக்கு தப்பில்லை. தப்பு எங்கே என்றால், நகரத்துப் பிள்ளைக்கு முழு நேரப் பள்ளி தொடர்ந்தது. சவரத் தொழிலாளியின் மகன் கத்தியும், சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியும் பழக வேண்டும் என்பதுதான் ஊர் புரிந்துகொண்ட அர்த்தம். ‘குலக்கல்வி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. கட்சியோடு கலந்து பேசவில்லை, மசோதா கொண்டுவரவில்லை, வெறும் நிர்வாக உத்தரவு. இதில் நட்டம் வந்தால் தெரிய இருபது வருடம் ஆகும். தெரியும்போது அந்தப் பிள்ளைக்கு மறுபடி எட்டு வயது ஆகாது.

பெரியாரும் திமுகவும் வீதியில் இறங்கினார்கள். சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. ஜூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகரின் ஓட்டுதான் அரசைக் காப்பாற்றியது. நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் நிறைவேறியது. பருலேகர் தலைமையிலான குழு திட்டத்துக்குச் சாதகமாகவே அறிக்கை கொடுத்தது. பயனில்லை. கல்வி நிபுணருக்கு எழுந்த சந்தேகமா அது? “ஏன் என் பிள்ளை மட்டும்?” என்ற கேள்விக்கு எந்த அறிக்கையிலும் பதில் கிடையாது. முதலில் ஒரு தாலுகாவில், விரும்பிய பள்ளிகளில், நகரத்தையும் சேர்த்து நடத்திப் பார்த்திருந்தால் நிலைமை மாறியிருக்குமோ என்னவோ. அவர் அந்த வழிக்கே போகவில்லை.

ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். சட்டமன்றத்தில் திட்டத்தைத் தாங்கிப் பேசிய சி. சுப்பிரமணியமே மே மாதம் அதைக் கைவிடும் அறிவிப்பையும் செய்ய வேண்டியதாயிற்று. கஜானா மட்டும் அதனால் நிறைந்துவிடவில்லை. ராஜாஜி சொன்ன பணத் தட்டுப்பாடு நிஜம்தான். பின்னால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் அதே கிராமத்தாரிடம்தான் கேட்டார்கள். கொடுத்தார்கள்.