பாடசாலைப் பிள்ளைகளிடம் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: என் படுவான்கரை அனுபவம்

பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்யப்போகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எத்திக்ஸ் அனுமதி எடுக்க எவ்வளவு காலம் போகும் அக்கா? ஆய்வு நெறிமுறைக் குழு தருகிற அந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் போகும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். ஆனால் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றியோ மனம் நொந்தோ இருப்பது உங்கள் தாளில் தெரியவந்தால், அந்தப் பிள்ளையை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்? அதற்கு ஒரு ஆளும் ஒரு தொலைபேசி இலக்கமும் கையில் இல்லாமல் தராசைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குள் போகவே கூடாது. இந்த வேலையை முடித்துவிட்டு வந்து நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

என் ஆய்வு நான்காம் தரப் பிள்ளைகளைப் பற்றியது. உயரம், நிறை, மனநிலை மூன்றையும் ஒரே பிள்ளையிடம் சேர்த்துப் பார்ப்பது. ஐந்தாம் தரத்தை எந்த அதிபரும் தரமாட்டார், புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. நான்காம் தரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10 ஆம் தரங்களுக்கு நடக்கிறது என்பதால், நான் கவலைப்படுகிற பிள்ளையை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகமும் அந்த வருடமே பார்க்கத்தான் போகிறது. இடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை, அதில் வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம். நவம்பருக்கு முன் களவேலையை முடிக்கிற மாதிரித் திட்டமிடுங்கள், மாரி தொடங்கினால் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும், பிள்ளைகளே பாடசாலைக்கு வரமாட்டார்கள்.

கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருகோணமலையில் இருக்கிற மாகாணக் கல்வித் திணைக்களம், பிறகு வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு அதிபர், இந்த ஒழுங்கில் போனால் சிக்கல் இல்லை. எத்திக்ஸ் குழுதான் துருவித் துருவிக் கேட்கும். ‘பிரச்சினை இருந்தால் உரிய சேவைக்கு அனுப்பப்படும்’ என்று எழுதினால் விடமாட்டார்கள். எந்தச் சேவை, எந்த உத்தியோகத்தர், எந்தக் கிழமையில் இருப்பார், பிள்ளையைக் கூட்டிப்போக பஸ் காசு யார் கொடுப்பார் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்காக நான் இன்றைக்கும் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

பதில் தேடி நேரிலேயே அலைந்தேன். எம்.ஓ.எச். அலுவலகத்தில் டொக்டரையும், அந்தந்தக் கிராமத்து மிட்வைஃப் மிஸ்மாரையும் சந்தித்தேன். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார்கள், அவர்களைத் தெரியாத ஆசிரியர்கள்கூட உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போய் நாங்கள் யார், என்ன செய்கிறோம் என்று சொல்லி வைத்தேன். எல்லாருடைய இலக்கத்தையும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐயும், உளநலத்துக்கான 1926ஐயும் ஒரே தாளில் எழுதி ஃபைல் மட்டையின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன்.

அடுத்தது சம்மதப் படிவம். இங்கே கையெழுத்து வைக்க வேண்டிய தாய் பல வீடுகளில் குவைத்திலோ சவூதியிலோ இருக்கிறார். நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், தாயின் தாயும் அதே வளவில் இருப்பார், அதனால் பிள்ளையை வளர்ப்பது அம்மம்மாதான். தகப்பன் இருந்தால் அவர் கையெழுத்து வைப்பார். தகப்பன் தூர இடத்தில் வேலை என்றால் யார் வைப்பது என்பதை முன்கூட்டியே எத்திக்ஸ் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்: பொறுப்பாக வளர்ப்பவர் வைக்கலாம், முடிந்தால் தாய்க்கும் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தாய்மாரோடு பேசினேன். அங்கே அவர்களுக்கு வேலை ஓய்கிற நேரம் இங்கே நடு இரவு. ஒரு தாய் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆய்வைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மகளின் உயரம் எவ்வளவு என்று மட்டும் தனக்கு அனுப்பச் சொன்னார். அளந்த அன்றே அனுப்பினேன்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்காலே ஒரு வீட்டில் அம்மம்மா ஒருவர் படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை. “இரிங்க மகள், தேத்தண்ணி குடிச்சித்துப் போங்க” என்று பாயைப் போட்டுவிட்டு, பிறகு சொன்னார்: “2007ல இடம்பெயர்ந்து முகாம்ல இரிக்கக்குள்ளயும் கொப்பியும் பேனையுமா வந்தாக்கள் மனே. புள்ளையளக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினாக்கள். போனாக்கள் போனதுதான்.” அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னது நியாயம். முடிவைக் கொண்டுவந்து தருவேன், பிள்ளைக்கு ஏதும் தேவையென்றால் கூடவே வருவேன் என்றேன். கையெழுத்து அன்றைக்குக் கிடைக்கவில்லை. மிட்வைஃப் மிஸ் போய்ப் பேசிய பிறகுதான் கிடைத்தது.

இனி அளப்பது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆம் ஆண்டு அட்டவணைதான், 2006 இல் வந்தது ஐந்து வயது வரைக்கும். இரண்டையும் குழப்பி வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயதை மாதக் கணக்கில் பார்ப்பதால் பிறந்த திகதி சரியாக வேண்டும், பாடசாலைச் சேர்வு இடாப்பையும் கிளினிக் கொப்பியையும் ஒத்துப்பாருங்கள். தராசைத் தினமும் காலையில் கடையில் இரவல் வாங்கிய 5 கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். பழைய வகுப்பறைகளில் நிலம் சரிந்திருக்கும், சீமெந்து மட்டமான ஒரு மூலையைத் தேடிப் பிடிக்க வேண்டும். உயரத்தை 0.1 சென்ரிமீற்றர் வரை எடுக்கிறோம், ஆனால் பெண்பிள்ளைகள் இரட்டைப் பின்னலை மடித்து ரிபன் கட்டி வருவார்கள். அந்த முடிச்சு உச்சந்தலைக்கு வந்தால் உயரம் பொய்யாகிவிடும். கழற்றி அளந்துவிட்டு அப்படியே விட்டால் பிள்ளை வகுப்புக்குத் தலைவிரிகோலமாகப் போக வேண்டிவரும். அதனால் என்னோடு வந்த தங்கச்சி ஒவ்வொரு பிள்ளைக்கும் ரிபனைத் திரும்பக் கட்டிவிட்டாள். நேரம் போனது, போகட்டும்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை: வகுப்பின் முன்னால் நிறுத்தி நிறை பார்ப்பது. ஒருவர் தராசைப் பார்த்து இலக்கத்தைச் சத்தமாகச் சொல்ல இன்னொருவர் எழுதுவது லேசான முறைதான், ஆனால் அன்று இடைவேளைக்கே ‘குண்டன்’, ‘ஈர்க்கில்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள், அந்தப் பெயர் பத்தாம் வகுப்பு வரை கூட வரும். பிள்ளையின் மனநலத்தை ஆராய வந்த நாங்களே அந்தக் காயத்தைக் கொடுத்துவிட்டுப் போவதா? நூலக அறையில் கொடி கட்டிச் சேலையொன்றைத் தொங்கவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இலக்கத்தை வாயால் சொல்லாமல் எழுதினோம்.

மனநிலைக்கு எஸ்.டி.கியூ. (Strengths and Difficulties Questionnaire) என்ற வினாக்கொத்தைப் பயன்படுத்தினேன். ரொபர்ட் குட்மன் என்ற பிரித்தானிய சிறுவர் உளமருத்துவர் 1997 இல் வெளியிட்டது, 25 வினாக்கள். உணர்வுப் பிரச்சினை, நடத்தை, துருதுருப்பும் கவனக்குறைவும், கூட்டாளிகளோடு ஒத்துப்போவது, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பகுதி, பகுதிக்கு ஐந்து வினா. முதல் நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை வரும், உதவும் குணத்தை அதில் சேர்ப்பதில்லை. பிள்ளை தானே நிரப்புவது 11 வயதிலிருந்துதான், ஆகவே என் ஆய்வில் வளர்ப்பவரும் வகுப்பாசிரியரும் தனித்தனியாகப் பதில் சொன்னார்கள். வினாவை நம் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது, காப்புரிமை உண்டு. வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கு இருக்கிற சொல்லில் இரண்டு தரம் நிதானமாக வாசித்துக் காட்டலாம், பதிலை எடுத்துக் கொடுக்கக்கூடாது. இதில் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடாதீர்கள். தலையிடி, வயிற்றுவலி என்று அடிக்கடி முறையிடுவதைப் பற்றி ஒரு வினா வருகிறது. அதற்கு ஆசிரியர் ‘இல்லை’ என்று போட்டிருக்க, அம்மம்மா அதே பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்று சொன்ன வீடு எனக்குத் தெரியும். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான், அந்த வலி வகுப்புக்குள் வருவதில்லை. இப்படி ஒன்று தென்பட்டால் புள்ளி எந்த எல்லைக்குள் நின்றாலும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், வீட்டாரின் சம்மதத்தோடு. இந்த வினாக்கொத்து நோயைத் தீர்மானிக்கிற கருவி கிடையாது, யாரைக் கவனிக்க வேண்டும் என்று காட்டுகிற ஒன்று.

பெற்றோர் கையெழுத்து வைத்தாலும் பிள்ளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு மகள் சேலைக்குப் பின்னால் வந்து நின்று, சப்பாத்தைக் கழற்றாமல், “இத ஆருக்குக் காட்டுவீங்க டீச்சர்?” என்று கேட்டாள். ஒன்பது வயது. பெயரை எடுத்துவிட்டு ஒரு இலக்கம் போடுவேன், டீச்சருக்கோ கூட்டாளிக்கோ காட்டமாட்டேன், வீட்டுக்கு மட்டும் ஒட்டின கடிதஉறையில் வரும் என்று சொன்னேன். யாராவது உன்னை நோகச் செய்கிறார்கள் என்று நீ சொன்னால் மட்டும் அதை மறைக்க மாட்டேன், உதவி செய்கிறவரிடம் சொல்லுவேன் என்பதையும் சொன்னேன், அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் யோசித்துவிட்டு, உயரம் பாருங்கள், நிறை வேண்டாம் என்றாள். சரி என்றேன். அவளுடைய தாளில் நிறைக்கான பெட்டி வெறுமையாகவே இருக்கிறது, கணக்கிலும் வெறுமையாகவே போனது. கூட நின்ற ஒருவர், வகுப்பாசிரியரிடம் சொல்லி ஏற்றிவிடலாமே என்றார். அப்படிச் செய்திருந்தால் அவளிடம் விருப்பம் கேட்டதற்கே அர்த்தமில்லாமல் போயிருக்கும்.

முடிவைத் திருப்பிக் கொடுக்கிற வேலை, தரவு சேகரிப்பதைப்போல இன்னொரு சுற்று. வயதுக்கேற்ற உயரம் -2 நியம விலகலுக்குக் கீழே இருந்த, அதாவது வயதுக்கு உயரம் மிகக் குறைந்த, பிள்ளைகளின் வீடுகளுக்கு மிட்வைஃப் மிஸ்ஸோடு போனோம், உறையை வெறுமனே நீட்டிவிட்டு வரவில்லை. அதிபர்களுக்குப் பிள்ளையின் பெயர் எதுவுமில்லாத ஒரு பக்கச் சுருக்கம் கொடுத்தேன். பாயைப் போட்டுத் தந்த அந்த அம்மம்மாவிடமும் போனேன். உறையைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாக வாசிக்க வைத்து, கிளினிக் எந்தத் திகதி என்று இரண்டு தரம் கேட்டு, கலண்டரில் என்னைக்கொண்டே வட்டம் போடுவித்தார்.

இப்போது அதே பிள்ளைகளை ஆறாம் தரம் போவதற்கு முன் இன்னொரு தடவை அளக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே அந்த இலக்கங்கள் இருக்கிற தாளை இணைத்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவைப்பட்டால் போதனா வைத்தியசாலைக்குப் போய்வரப் பஸ் காசுக்கு ஒரு வரியும் செலவுத் திட்டத்தில் போட்டிருக்கிறேன்.