பெட்ரோல் நிரப்பிய பிறகு மட்டும் நடுங்கும் எஞ்சின்

வாரம் முழுதும் ஒழுங்காக ஓடும் கார், பெட்ரோல் நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது மட்டும் முரண்டு பிடித்தால், எல்லாரும் முதலில் பெட்ரோலைத்தான் குறை சொல்வார்கள். சிங்கப்பூரில் நாங்கள் ஓட்டும் பழைய ஜப்பானியக் காரிலும் அதுவே நடந்தது. தொட்டியை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட நெடுநேரம் சுற்றும். எஞ்சின் பிடித்த பிறகும் ஐட்லிங், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஓட்டம், நிலைக்காது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 500-க்குக் கீழே இறங்கி, அணையப் போகிறது என்று நாம் நினைக்கும்போது சட்டென்று மேலேறும், மறுபடி விழும். சில நிமிடங்கள் ஓட்டினால் எல்லாம் அடங்கிவிடும். பிறகு அடுத்த முறை நிரப்பும்வரை அந்தத் தொல்லை தலைகாட்டாது.

"ஜோகூர் பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் மச்சான்" என்பது, எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரிலும் நாங்கள் நிரப்புவதை வைத்து என் மைத்துனர் சொன்ன தீர்ப்பு. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் கலந்த பெட்ரோல் சில நிமிடங்களில் திருந்திவிடாது. அந்தத் தொட்டி தீரும்வரை, விரைவுச்சாலையில் போகும்போதும் இழுவையைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஆக்டேன், அதாவது நேரத்துக்கு முன்பே தானாக வெடித்துவிடாமல் பெட்ரோல் தாங்கும் அளவு, போதாவிட்டால் பாரம் கூடும்போது எஞ்சினில் தட்டும் ஓசை கேட்குமே தவிர, நின்ற இடத்தில் வண்டி இப்படி நடுங்காது. அதோடு, சிங்கப்பூரில் ஆக்டேன் 95 நிரப்பினாலும், ஜோகூரில் 97 நிரப்பினாலும் நோய் ஒன்றுதான். ஆகவே எங்கே நிரப்பினோம் என்பதை விட்டுவிட்டு, நிரப்பும்போது தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

பெட்ரோல் உள்ளே பாயப் பாய, அதுவரை தொட்டியின் காலி இடத்தில் இருந்த ஆவி நெருக்கித் தள்ளப்படுகிறது. நம் ஊர் வெயிலில் அந்த ஆவி கூடுதலாகவே இருக்கும். அதைக் காற்றில் கலக்க விடாமல் பிடித்து வைப்பதற்காகக் கரித்துகள் நிரப்பிய ஒரு குடுவை உண்டு. பட்டறைகளில் அதைக் கேனிஸ்டர் என்பார்கள். எஞ்சின் சூடாகி ஓடும்போது, காரின் கணினி பர்ஜ் வால்வு என்ற சிறிய மின்வால்வைத் திறந்து மூடி, அந்த ஆவியை அளவோடு எஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும். மின்சாரம் வராதபோது அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், நிரப்பிய உடனே தேங்கி நிற்கும் ஆவி முழுவதும் கட்டுப்பாடின்றி எஞ்சினுக்குள் போகிறது. இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலோடு இதுவும் சேர்வதால், காற்றோடு கலக்கும் கலவையில் பெட்ரோல் மிதமிஞ்சிப் போய், ஐட்லிங் தடுமாறுகிறது. தேங்கிய ஆவி எரிந்து தீர்ந்ததும் எஞ்சின் தானாகச் சரியாகிவிடுவதால்தான், பட்டறைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

முதலில் போன பட்டறையில் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றச் சொன்னார்கள். அவை கெட்டிருந்தால் பெட்ரோல் நிலையத்தைப் பார்த்துத்தானா நடுங்கும்? சிங்கப்பூரின் காக்கி புக்கிட் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன், வரும் வழியிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு நேரே வரும்படி சொன்னார். ஸ்கேனரைச் செருகியபோது, கலவையில் பெட்ரோல் மிகுதி என்று சொல்லும் பி0172 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. ஃபியூவல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, மைனஸ் 20 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. காற்றுக் கசிவாக இருந்திருந்தால் இந்த எண் எதிர்த் திசையில், பிளஸ் பக்கம் போயிருக்கும்.

அடுத்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கேனிஸ்டரிலிருந்து பர்ஜ் வால்வுக்கு வரும் மெல்லிய ரப்பர்க் குழாயைக் கழற்றி, "வால்வு வாயில விரல வச்சுப் பாருங்க தம்பி" என்றார். விரல் நுனி அட்டை கவ்வியதுபோல் இழுபட்டது; அடைத்த சில நொடிகளில் ஆர்பிஎம் முள் நிலைக்கு வந்தது. பிறகு வால்வுக்குப் போகும் மின்னிணைப்பைப் பிடுங்கிப் பார்த்தோம். இழுவை நிற்கவில்லை. கணினியின் கட்டளையால் திறந்திருக்கவில்லை, வால்வே சிக்கியிருக்கிறது என்று அதோடு உறுதியாயிற்று. (பெட்ரோல் ஆவி சம்பந்தப்பட்ட வேலை என்பதால், இதைக் காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு இல்லாமல்தான் செய்ய வேண்டும்.)

கழற்றிய வால்வை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டியபோது மிளகுத் தூளைவிடச் சற்றுப் பெரிய கரித்துணுக்குகள் விழுந்தன. பெட்ரோல் நிரப்பும் குழலின் நுனியில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் மட்டம் ஏறி அதை மூடியதும் குழல் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் வற்புறுத்தி ஊற்றும் பெட்ரோல், ஆவி போகவேண்டிய வழியில் திரவமாகவே போய்க் கேனிஸ்டரை நனைக்கக்கூடும். நனைந்த கரி நாளடைவில் உதிர்ந்து, குழாய் வழியே வந்து வால்வின் வாயில் அடைத்துக்கொள்ளும்.

குழல் நின்ற பிறகும் ஊற்றும் இந்தப் பழக்கம் நம்மிடையே மிகுந்திருப்பதில் வியப்பில்லை. 1991 முதல், சிங்கப்பூரில் பதிவான கார் தரைவழியாக மலேசியாவுக்குச் செல்லும்போது தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். மிஞ்சியிருக்கும் கால் பங்கில்தான் மலிவு விலை லாபம் என்பதால், ஜோகூரில் குழல் நின்ற பிறகும் கழுத்துவரை ஊற்றுகிறவர்கள் ஏராளம். இங்கேயும் சில நிலையங்களில் பணியாளர், கேட்காமலேயே தொகையை முழு வெள்ளியாக்குவதற்கு (டாலராக்குவதற்கு) இன்னும் இரண்டு அழுத்து அழுத்திவிடுகிறார்.

வால்வை மட்டும் மாற்றியிருந்தால் செலவு குறைந்திருக்கும்; ஆனால் உதிரும் கேனிஸ்டர் புது வால்வையும் அடைத்துவிடும் என்று அண்ணன் சொன்னது நியாயமாகப் பட்டதால், இரண்டையும் மாற்றி, இடையிலுள்ள குழாயையும் ஊதிச் சுத்தம் செய்து, கணினியில் பதிவான குறியீட்டையும் அழித்தோம். இப்போது நிரப்பிவிட்டுக் கிளம்பினால் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. நிலையத்தில் பணியாளரிடம், குழல் முதல்முறை நின்றதும் எடுத்துவிடும்படி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.