புலாவ் உபினில் கூடாரம், வாடகை சைக்கிள், ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம்

ஜூன் பள்ளி விடுமுறை வந்தால் சிங்கப்பூரில் பாதிப் பேர் மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் நிற்பார்கள், மீதிப் பேர் விமான நிலையத்தில் நிற்பார்கள். எங்களுக்குப் பாலத்தில் மணிக்கணக்காக நிற்கப் பொறுமையும் இல்லை, ஐந்து பேருக்கு விமான டிக்கெட் எடுக்கக் காசும் இல்லை. அதனால் புலாவ் உபின். நாட்டுக்குள்ளேயே இருக்கும் தீவு, பாஸ்போர்ட் வேண்டாம், கூடாரம் அடிக்க வாடகை கிடையாது, கார் தொல்லை இல்லாமல் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். இதை இன்றே உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் ஒரு சைக்கிள் கடை. இன்னும் கோபம் ஆறவில்லை. இருந்தாலும் வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பம்போட் என்ற சின்ன மோட்டார் படகு கிடைக்கும். ஆளுக்கு 4 வெள்ளி, அதாவது 4 சிங்கப்பூர் டாலர். நேர அட்டவணை என்று எதுவும் இல்லை. 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். அவசரம் என்றால் மொத்தமாக 48 வெள்ளி கொடுத்துவிட்டு உடனே போகலாம். நாங்கள் ஐந்து பேர். இன்னும் ஏழு பேருக்காக வரிசையில் காத்திருந்தோம், 28 வெள்ளி மிச்சம். சொந்த சைக்கிள் கொண்டுபோனால் அதற்குக் கூடுதலாக 2 வெள்ளி. இந்த 2 வெள்ளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெலுத்தோங் முகாமிடத்தில் கூடாரம் அடித்தோம். தீவுக்கு வெளியிலிருந்து மின்கம்பி இணைப்பு கிடையாது, ஜெனரேட்டரும் சூரிய மின்சாரமும்தான். கிராமத்தைத் தாண்டினால் இரவில் கைவிளக்கை நம்பித்தான் நடக்க வேண்டும். குழாயில் வருவதும் கிணற்றுத் தண்ணீர், அப்படியே குடிக்க முடியாது. குடிதண்ணீரை இங்கிருந்தே சுமந்துபோய்விடுங்கள். தீவுக் கடைகளில் வாங்கினால் விலை கசக்கும். கொசுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் காற்றுமழை வந்து கூடாரத்தை ஓர் உலுக்கு உலுக்கியது. ஜூன் மாதத்தில் இது வழக்கம்தான், ஒரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். ஆனால் பாதையெல்லாம் செம்மண் சேறு. சைக்கிள் விடப் போகிற நாளில்!

சரி, இப்போது கடைக்கு வருகிறேன்.

படகுத்துறையை விட்டு இறங்கியதும் கிராமத்தில் வரிசையாக சைக்கிள் வாடகைக் கடைகள். நாங்கள் போன கடையின் பலகையில் 10 வெள்ளி என்று எழுதியிருந்தது. கேட்டால் அது பழைய வண்டிக்கு, கியர் வண்டி 18 என்றார். குழந்தை உட்காரும் பின்னிருக்கைக்கு 5 கூடுதல். ஹெல்மெட்டுக்குத் தலைக்கு 2. ஹெல்மெட் இல்லாமல் போங்கள் என்று சொல்வதுபோலத்தானே இது? நாள் வாடகை மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும், இரவும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இரட்டிப்பு. முகாமுக்கு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முதல் நாள் இறங்கியவுடன் சைக்கிள் எடுக்காதீர்கள். மூட்டையோடு நடந்தே முகாமுக்குப் போய்விட்டு, மறுநாள் காலையில் வந்து எடுங்கள்.

கடைக்காரர் சொன்ன விலைக்கே என் கணவர் பர்ஸை எடுத்துவிட்டார். புதுக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று முன்னால் போனார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனமும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. விரல்களை மடக்கியும் நீட்டியும் பேரம் நடந்தது. நான்கு வண்டி, நான்கு ஹெல்மெட், பின்னிருக்கை, குழந்தைக்குச் சின்ன ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 50 வெள்ளியில் முடிந்தது. இதில் ஒரு கணக்கு எனக்கு இன்னும் புரியவில்லை: அம்மா எடுத்த கியர் இல்லாத, முன்கூடை வைத்த, துருப்பிடித்த பழைய வண்டிதான் கடைசிவரை தகராறு செய்யாமல் ஓடியது.

வண்டி எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தள்ளிக்கொண்டே பின் பிரேக்கைப் பிடியுங்கள், சக்கரம் சட்டென்று நிற்க வேண்டும். எனக்கு முதலில் கொடுத்த வண்டி நிற்கவே இல்லை, மாற்றி வாங்கினேன். உபின் சமதளம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா என்ற கடலோரச் சதுப்புநிலத்துக்குப் போகும் பாதையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அகலம் குறைவு, அவ்வப்போது கிராமத்து வேன் ஒன்று எதிரே வரும். செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளச் சொல்லிப் பலகையே இருக்கிறது. தள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது ஏற்றத்தில் மகனுடைய வண்டியில் செயின் கழன்றது. பாதி ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியரை மாற்றியிருக்கிறான். என் கணவர் குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார், கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டதுதான் மிச்சம். அந்த வழியாக வந்த ஒரு சீன அங்கிள், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எதுவும் கேட்காமல் தன் சைக்கிளை மரத்தில் சாய்த்தார். கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்தார். பின்பக்கக் கியர் கையை இடது கையால் முன்னுக்குத் தள்ளி, தொய்ந்த செயினைக் குச்சியால் தூக்கிப் பெடலோடு இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் மாட்டி, பெடலை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றினார். ஒரே சுற்றில் செயின் ஏறிக்கொண்டது. விரலில்கூட எண்ணெய் படவில்லை. மகனிடம், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடுவில் தொடக்கூடாது என்று கையசைவிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு பையன் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் "அம்மாச்சி, கியர் குறைங்க!" என்று கத்த ஆரம்பித்தான். அம்மாச்சியின் வண்டியில்தான் கியரே கிடையாதே.

அம்மா பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் போனவர். நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி ஏறுகிறார். முதல் நூறு மீட்டர் ஆட்டம், அப்புறம் எங்களுக்கு முன்னால் போய்விட்டார். வழியெல்லாம் பலா, தென்னை, பழைய ரப்பர் மரங்கள், கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளின் வாசலில் சேவல். "ஏண்டி, சிங்கப்பூரைக் காட்டுறேன்னு சொல்லிட்டு ஆலங்குடிக்குக் கூட்டிட்டு வந்திருக்க" என்றார். குறை சொன்னாரா பாராட்டினாரா என்று தெரியவில்லை, ஆனால் பெடலை மட்டும் நிறுத்தவில்லை.

செக் ஜாவா வாசலிலேயே சைக்கிளை நிறுத்திவிட வேண்டும், உள்ளே நடைதான். அங்கேதான் காட்டுப்பன்றிகளைப் பார்த்தோம். ஒரு பெரியது, பின்னால் கோடு போட்ட குட்டிகள். வேறு ஒரு குடும்பம் முன்கூடையில் ரொட்டிப் பாக்கெட்டை விட்டுவிட்டுப் போயிருந்தது. தாய்ப்பன்றி நேராக அந்த வண்டியிடம் போய், மூக்கால் ஒரு நெம்பு நெம்பியது. வண்டி சாய்ந்து, பக்கத்திலிருந்த இரண்டையும் சேர்த்துத் தள்ளியது. பிளாஸ்டிக் உறை சரசரக்கும் சத்தம் கேட்டதும் குட்டிகள் ஓடிவந்தன. கூடையில் உணவு வைக்காதே என்ற எச்சரிக்கைப் பலகைக்கு நேர் கீழே இவ்வளவும் நடந்தது! என் ஐந்து வயது மகளுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த காட்சி இதுதான். நாங்கள் முறுக்கையும் புளியோதரையையும் முதுகுப்பையிலேயே வைத்திருந்ததால் தப்பின.

செக் ஜாவாவுக்குப் போகிறவர்கள் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். நீர் ஏறியிருந்தால் வெறும் கடலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். வற்றியிருந்தால் கடலுக்கு மேலே போட்ட நடைபாதையில் நின்றபடியே, ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகளையும், சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீன்களையும் பார்க்கலாம். இந்த இடத்தை மண் கொட்டி மூடத் திட்டமிட்டிருந்தார்கள். மக்கள் எதிர்ப்பால் 2001 கடைசியில் அரசாங்கம் தள்ளிவைத்தது. நடைபாதை 2007இல் திறந்தது. 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தில் ஏறினால் காட்டின் தலை தெரியும். அங்கே இருவாச்சி ஒன்று பறந்தது. சிங்கப்பூரில் காணாமலே போயிருந்த பறவை, 1990களில் இந்தத் தீவில்தான் மறுபடி தென்பட்டது. பக்கத்தில் 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று, குளிர்காய அடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர் வெயிலில் குளிர்காய அடுப்பு! அம்மா அதை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார்.

திரும்பும்போது என் போனில் "மலேசியாவுக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி. எதிர்க்கரை ஜோகூர் என்பதால் போன் அந்தப் பக்கத்து அலைவரிசையைப் பிடித்துக்கொள்கிறது. ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால், படகில் மிச்சம் பிடித்ததெல்லாம் போன் பில்லில் போய்விடும்.

கிராமத்துக் கடலுணவுக் கடையில் உட்கார்ந்து மெனுவைப் பார்த்தோம். நண்டுக்கு நேரே விலை இல்லை, "அன்றைய விலை" என்று மட்டும் இருந்தது. ஐந்து பேரும் எழுந்துவிட்டோம். கருங்கல் குழியில் நீர் நிறைந்திருக்கும் பெக்கான் குவாரி பக்கம் போய், நாரைகளைப் பார்த்தபடி முதல் நாள் செய்த புளியோதரையைச் சாப்பிட்டோம். புளி நன்றாக ஊறி, கடலைப்பருப்பு மட்டும் இன்னும் கரகரவென்று இருந்தது. கூடவே குளிர்ந்த இளநீர். எந்த நண்டும் அதற்கு ஈடாகாது, இதில் வாதத்துக்கு இடமில்லை. இந்தத் தீவின் கல் சாதாரணக் கல் இல்லை. 1851இல் கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கருங்கல் போனது. 1999இல் கல்லுடைப்பு நின்று, இப்போது குழிகளில் பறவைகள் குடியிருக்கின்றன. கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவையும் மகன் பார்க்க வேண்டும் என்றான். பாறை இறக்கங்களைப் பார்த்துவிட்டு வாடகை வண்டியையும் பார்த்தோம். வேண்டாம்.

ஐந்தரைக்கு வண்டிகளைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் அம்மாவின் வண்டியைச் சுற்றிவந்து, கூடை நசுங்கியிருக்கிறது, 15 வெள்ளி என்றார். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. நல்ல வேளை, காலையில் மகன் விளையாட்டாக எல்லா வண்டியையும் வீடியோ எடுத்திருந்தான். அதில் கூடை அதே இடத்தில் அதே மாதிரி நசுங்கியிருந்தது. அவர் இரண்டு முறை பார்த்தார். 15 வெள்ளி 5 வெள்ளி ஆனது. மன்னிப்புக்குப் பதில் தள்ளுபடி! கடைசிப் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்ததால் கொடுத்துவிட்டு வந்தோம். வண்டி எடுத்தவுடன் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் பார்க்கும்படியே எடுங்கள்.

சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கிக்கொண்டு, மூட்டைகளோடு 2ஆம் எண் பஸ்ஸில் ஏறினோம். என் கணவர் ஏறியதிலிருந்தே போனில் பழைய சைக்கிள் விலை பார்த்துக்கொண்டு வந்தார். படகில் வண்டிக்கு 2 வெள்ளிதானே என்று கணக்கு. அம்மா எட்டிப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணு சேத்துப் பாருங்க மாப்பிள்ளை. அந்தக் கியர் எல்லாம் வேணாம். கேரியர் மட்டும் இருக்கணும்."